பதினாலு குச்சி

எங்கள் ஆபீஸில் போன வருஷம் ஒரு ஃபாரம் சுற்றுக்கு விட்டார்கள். பெயர், பிறந்த தேதி, ரத்த குரூப் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம். வழக்கமாக இந்தக் கட்டத்தில் நம் ஆட்கள் எழுதுவது இரண்டே இரண்டு. புத்தகம் படித்தல், பாட்டு கேட்டல். (இரண்டையும் செய்யாதவர்கள்தான் இதை அதிகம் எழுதுகிறார்கள்.) நான் உண்மையை எழுதித் தொலைத்தேன்: 'கோல்ஃப் ஆடுதல். நம்மூர்க்காரர்கள் அதிகம் போகாத வெளிநாட்டு ஊர்களுக்குப் போதல்.'

மறுநாள் காலை பக்கத்து சீட் நண்பர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. பரம்பரைச் சொத்து ஏதாவது கைக்கு வந்துச்சா?"

வரவில்லை. சின்னமனூரில் எங்களுக்கு இருப்பது அரை ஏக்கர் வயலும், ஒழுகுகிற ஒரு வீடும். மேனேஜர் அந்தஸ்துக்கு இன்னும் இரண்டு படி பாக்கி. அப்படியும் கோல்ஃப் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்றால், கம்பெனிகளுக்கான ஒரு போட்டியில் எங்கள் ஆபீஸ் டீமில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாலு பேர் கணக்கு காட்டியாக வேண்டும். "நீ சும்மா வந்து நின்னாப் போதும்" என்று பெரியவர் என்னை இழுத்துக்கொண்டு போனார். சும்மா நிற்பதில் எனக்கு ஆறு வருஷ ஆபீஸ் அனுபவம் உண்டு என்பதால் ஒப்புக்கொண்டேன்.

அன்றைக்கு என் கையில் ஒரு கட்டையைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். முதல் தடவை காற்றை அடித்தேன். இரண்டாம் தடவை பூமியை. மூன்றாம் தடவை பந்து எப்படியோ பட்டு, 'டக்' என்று ஒரு சத்தம். கையில் அதிர்வே இல்லை. பந்து வானத்தில் சின்னப் புள்ளியாகி, ரொம்ப நேரம் யோசித்துவிட்டு இறங்கியது. அவ்வளவுதான் சார், மாட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் மாசம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, வாடகைக் கட்டை, ஒரு கூடை பந்து. சினிமா, ஓட்டல் இரண்டையும் குறைத்தால் கட்டுப்படியாகிறது. கல்யாணம் ஆன பிறகு ஆகுமா என்று கேட்காதீர்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வீட்டில் விஷயத்தை அவிழ்த்தேன். அம்மா கேட்டாள், "அது என்னடா வெளையாட்டு?"

"ஒரு பந்தைக் கட்டையால அடிக்கணும்மா. அது எங்க விழுதோ அங்க நடந்து போயி, திரும்ப அடிக்கணும். கடைசியில ஒரு குழியில போடணும்."

"அதுக்கு எதுக்கு அடிக்கணும்? கையில எடுத்துட்டே நடந்து போயிப் போட வேண்டியதுதான?"

கோல்ஃபின் மேல் வைக்கப்பட்ட விமரிசனங்களில் இதற்கு மட்டும் என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

அப்பாவுக்கு வேறு சந்தேகம். "எத்தனை குழி?"

"பதினெட்டுக் குழிப்பா."

"பதினெட்டுக் குழி நெலத்துல எப்படிடா ஓடியாடி வெளையாடுவீங்க?"

எங்கள் பக்கம் குழி என்றால் நில அளவு. நான் செல்போனில் மைதானத்தின் போட்டோவைக் காட்டினேன். அப்பா அந்தப் பச்சையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு போகம் நெல்லு போடலாம்" என்றார். முல்லைப் பெரியாறு தண்ணியில் வளர்ந்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

திண்ணையில் உட்கார்ந்திருந்த சிலோன் மாமா மட்டும் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் தங்கை வீட்டுக்காரர். வயது அறுபத்தெட்டு. அதிகம் பேசாத மனுஷன். கடைசியில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என்னிடம் கேட்டார்:

"பையில எத்தனை குச்சி வச்சிருக்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது விவரம் தெரிந்தவன் கேட்கிற கேள்வி.

"பதினாலுக்கு மேல இருந்தா தண்டம் போடுவாங்க, தெரியும்ல?" என்று சொல்லிவிட்டு மாமா மறுபடியும் திண்ணைக்குப் போய்விட்டார்.

உண்மைதான். கோல்ஃப் பையில் பதினாலு கட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த விதி எனக்குத் தெரியவே எட்டு மாசம் ஆயிற்று.

அன்று ராத்திரி அத்தையிடம் துருவினேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா பெண் பார்க்க வந்தபோது எங்கள் தாத்தா, "தம்பி சிலோன்ல என்ன வேலை பாத்தீக?" என்று கேட்டிருக்கிறார். மாமா கையைக் கட்டிக்கொண்டு, "கேடியா இருந்தேங்க" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ மாட்டியிருக்கிற ஆசாமி. தாத்தா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாராம். அது வேறு கேடி, வெள்ளைக்காரன் ஆடுகிற ஆட்டத்தில் பை தூக்குகிற பையன் என்று புரோக்கர் விளக்கி, கல்யாணம் பிழைத்ததே பெரிய பாடு.

மாமா பிறந்தது இலங்கையில் நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பத்து வயதிலிருந்து லீவு நாளெல்லாம் நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கியிருக்கிறார். 1889ல் ஆரம்பித்த கிளப் அது. ஒரு ரவுண்டு முடிந்தால் கிடைக்கிற காசில் ஒரு ராத்தல் பாண் வாங்கி (பாண் என்றால் அங்கே பிரெட்), மிச்சத்தை ஆத்தாவிடம் கொடுப்பாராம்.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்துப் போட்டார்கள். அஞ்சு லட்சத்து இருபத்தஞ்சாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒண்ணரை லட்சம் பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்வோம் என்று. கோதுமை மூட்டை பிரித்த மாதிரிதான். மாமாவின் குடும்பம் 1973ல் வந்தது. அந்த ரயிலுக்குத் தோட்டத்து ஜனங்கள் வைத்திருந்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அப்புறம் எப்படியோ எங்கள் ஊருக்கு மேலே மேகமலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற வேலை. அங்கேயும் தேயிலை, அங்கேயும் பனி. "ஒரே ஒரு வித்தியாசம். மேகமலைல கோல்ஃப் இல்ல" என்பார் மாமா.

"நீங்க ஆடிருக்கீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"ஆடறதா? குச்சியத் தொட்டுருக்கேன். தொடச்சிருக்கேன். அடிச்சதில்ல."

"ஒருதடவகூடவா? யாரும் இல்லாதப்ப?"

"தோணவே இல்லடா மாப்ள" என்றார். இதில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

இந்த இடத்தில் என் இன்னொரு பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் எல்லோரும் பாங்காக், சிங்கப்பூர், துபாய் என்று போய், ஒரே கட்டடத்தின் முன்னால் ஒரே மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை என்று கௌரவமாகச் சொல்வேன். நிஜக் காரணம், பாதி பணம்; பாதி, எதிரே தெரிந்தவர் வரக் கூடாது என்பது. அப்படித்தான் 2023ல் பூட்டானுக்குப் போனேன். பாஸ்போர்ட்கூட வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். இந்தியர்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 ரூபாய் வரி. தலைநகர் திம்புவில், ராஜாவின் அலுவலகமும் மடாலயமும் சேர்ந்திருக்கிற பிரம்மாண்டமான கோட்டைக்குப் பக்கத்திலேயே ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அதை ஆரம்பித்து வைத்தவர் யார் தெரியுமோ? அறுபதுகளின் கடைசியில் அங்கே போஸ்டிங்கில் இருந்த நம் ராணுவத்து பிரிகேடியர், டி.வி. ஜகந்நாதன். மன்னரிடம் அனுமதி வாங்கி முதலில் சில குழிகளை வெட்டினார். 1971ல் அது ராயல் திம்பு கோல்ஃப் கிளப் ஆனது. இமயமலைக்குள் போயும் ஒரு ஜகந்நாதன்! நான் ஓடி ஒளிந்த காரியம் வீணாயிற்று.

அந்த போட்டோக்களைப் பார்த்துவிட்டு மாமா, "எங்க நுவரெலியா இதவிடப் பெரிசு" என்றார் ஒரே ஒரு தடவை. அப்போதுதான் அடுத்த ஊரைத் தீர்மானித்தேன். தனியாக இல்லை.

மாமாவுக்கு பாஸ்போர்ட் எடுத்த கதையைத் தனியாக எழுத வேண்டும். பிறந்த ஊர் என்கிற இடத்தில் 'நுவரெலியா' என்று எழுதியதும் ஒவ்வொரு கவுண்ட்டரிலும் ஒரு நிமிஷம் மௌனம். கண்டியில் கொடுத்த பழைய காகிதம் ஒன்றை மாமா பிளாஸ்டிக் கவரில் ஐம்பது வருஷமாக வைத்திருந்தார். அது கைகொடுத்தது. இந்தப் பக்கம் வந்ததிலிருந்து அவர் பெயரே சிலோன்காரர். அந்தப் பக்கம் இருந்தவரைக்கும் இந்தியாக்காரன். எந்த ஃபாரத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது.

2025 பிப்ரவரியில் கிளம்பினோம். சின்னமனூரிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் ஆகிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, மதுரையிலிருந்து கொழும்புக்கு. பெல்ட்டைக் கழற்றுவதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். "இதுக்கா அன்னைக்கு அம்புட்டு அழுகை அழுதோம்?" என்றார் மாமா.

இமிக்ரேஷனில் இருந்த சிங்கள இளைஞர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிறந்த ஊரைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் கேட்காமல் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். மாமா அந்தப் பையனுக்குக் கும்பிடு போட்டதைப் பார்த்து வரிசையே திரும்பிப் பார்த்தது.

கண்டியிலிருந்து நானுஓயாவுக்கு ரயில். தேயிலை தெரிய ஆரம்பித்ததும் மாமா ஜன்னல் பக்கம் போனவர், இறங்குகிறவரை தலையை உள்ளே இழுக்கவில்லை. அவருடைய லயத்தையும் போய்ப் பார்த்தோம். இருக்கிறது. கூரைத் தகரம் மாறியிருக்கிறது, ஆட்கள் மாறியிருக்கிறார்கள். ஒரு அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். அதைப் பற்றி மாமா எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கோல்ஃப்.

நுவரெலியா மைதானம் ஊருக்கு நட்டநடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் செங்கல் நிறத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் போஸ்ட் ஆபீஸ். நாலா பக்கமும் மலை. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே. மைதானத்தை ஒட்டிப் பழைய கல்லறை ஒன்று உண்டு. மேஜர் ரோஜர்ஸ் என்று ஒரு வெள்ளைக்காரன். ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டுக் கொன்றவன் என்று சொல்கிறார்கள். 1845ல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தான். செத்த பிறகும் கல்லறைமேல் இடி விழுந்தது என்பது ஊர்ப் பேச்சு. "பந்து அங்கிட்டுப் போனா நாங்க எடுக்க மாட்டோம். யானை சாபம்" என்றார் மாமா.

வெளியூர்க்காரர்கள் காசு கட்டி ஆடலாம். கட்டை வாடகைக்கு உண்டு. எவ்வளவு என்று கேட்காதீர்கள். இன்னும் அம்மாவிடமே சொல்லவில்லை. கூட வந்த கேடிக்கு நாற்பது வயதிருக்கும். தோட்டத்துத் தமிழர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார், "ரெண்டு பேரும் இந்தியாவா சேர்?"

"இவரு இந்தியா" என்றார் மாமா என்னைக் காட்டி. "நான் இங்கத்த ஆளு."

கேடி மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். குரங்குக் குல்லா, மஃப்ளர், வேட்டிக்கு மேலே என்னுடைய பழைய ஸ்வெட்டர். "எந்தத் தோட்டம்?" என்றார். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். நான் ஒருவன் அங்கே காசு கட்டிவிட்டு நிற்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோனது.

கொஞ்ச தூரம் போனதும் மாமா பையைக் கேட்டார். கேடி தர மாட்டேன் என்றார். "வயசானவரு நீங்க, சும்மா வாங்க ஐயா."

"நீங்க எதுக்கு மாமா? கையை வீசிட்டு நடங்க" என்றேன் நானும்.

மாமாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. "எனக்கு இந்தப் புல்லுல சும்மா நடக்கத் தெரியாதுடா" என்றார்.

கடைசியில் என் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் அவர் தூக்கிக்கொள்வது என்று உடன்பாடு. சாஸ்திரி ஒப்பந்தத்தைவிட சுலபமாக முடிந்தது.

என் ஆட்டத்தைப் பற்றி விவரிக்க வேண்டாம். கோல்ஃப் பந்து 46 கிராம்கூட இருக்காது. குழியின் வாய் 108 மில்லிமீட்டர், நம்ம வீட்டு டம்ளரைவிடக் கொஞ்சம் அகலம். முன்னதை நானூறு கஜத்துக்கு அப்பால் இருக்கிற பின்னதில் நாலு அடியில் போட வேண்டும் என்பது சாஸ்திரம். நான் ஒன்பது அடியில் போட்டேன். வேடிக்கை என்னவென்றால், நான் அடிக்கும்போது மாமா என்னைப் பார்க்கவே இல்லை. ஆபீஸ் பெரியவர்கள் எல்லோரும் என் முட்டியைப் பார்ப்பார்கள், தோளைப் பார்ப்பார்கள், அறிவுரை சொல்வார்கள். மாமா பந்து விழப்போகிற இடத்தைப் பார்த்தார். புதரோ, பள்ளமோ, நேராகப் போய் நின்று "இந்தா" என்பார். ஒரு பந்துகூடத் தொலையவில்லை.

ஏழாவதோ எட்டாவதோ குழியில் நான் ஐந்தாம் நம்பர் கட்டையை எடுத்தேன். மாமா விரலை நக்கிக் காற்றில் காட்டிவிட்டு, "அது வேணாம். ஏழு எடு. மலைக்காத்து பின்னாடி இருந்து வருது" என்றார். கேடி அவரைப் பார்த்துத் தலையாட்டினார். ஏழை எடுத்து அடித்தேன். பந்து கொடிக்குப் பத்தடி பக்கத்தில் போய் உட்கார்ந்தது. என் வாழ்நாளின் சிறந்த அடி அதுதான். அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

யோசித்துப் பார்த்தால், பை தூக்குகிறவனுக்கு ஆடுகிறவனைவிட ஆட்டம் நன்றாகத் தெரிகிற விளையாட்டு உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. 1991ல் இந்தியன் ஓபனை ஜெயித்த அலி ஷேர், டில்லியில் கேடியாக இருந்தவர். 2009ல் ஜெயித்த முனியப்பா, பெங்களூரில். இன்றைக்கு இலங்கையின் முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்களில் தங்கராஜா, பிரபாகரன் என்று நம் பெயர்கள் இருக்கின்றன. எங்கள் ஊருக்குப் பக்கத்து மைதானமான கொடைக்கானல் 1895ல் வந்தது. அந்தக் காலத்தில் மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து துரைமார்களை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டுதான் ஏறினார்கள். அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்றுதான் பெயர். அவர்களுடைய கோல்ஃப் குச்சிகளும் யாரோ ஒரு பெரியகுளத்துக்காரர் தலையில்தான் மேலே போயிருக்க வேண்டும். அவருக்கும் அடிக்கத் தோன்றியிருக்காது.

கடைசிக் குழிக்கு வந்தோம். பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. முன்னேயும் பின்னேயும் ஆள் இல்லை. நான் அடிக்காமல் கட்டையை மாமாவிடம் நீட்டினேன்.

"நீங்க அடிங்க."

"போடா."

"அடிங்க மாமா."

மாமா கிளப் கட்டடத்தைப் பார்த்தார். போஸ்ட் ஆபீஸ் பக்கம் பார்த்தார். அறுபத்தெட்டு வயது மனுஷன், மாங்காய் திருடப்போகிற பையன் மாதிரி நாலு பக்கமும் பார்த்தார். "யாராச்சும் பாத்தா?"

"நான் ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிவிட்டு கேடி திரும்பி நின்று மலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

மாமா குடையைக் கீழே வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்தார். முதலில் கட்டையின் முகத்தைத் துடைத்தார். அப்புறம் பந்தை. அப்புறம் மறுபடியும் கட்டையை. அதற்கு மேல் துடைக்க எதுவும் இல்லை என்று ஆனபிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

எங்கே கற்றுக்கொண்டார், எத்தனை துரைகளைப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்தார், தெரியாது. கட்டை நிதானமாக மேலே போயிற்று. நிதானமாகவே இறங்கிற்று. 'டக்.' அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பந்து நேராகக் கிளம்பி, நடுவானில் மனசு மாறி, இடது பக்கம் வளைந்து, பைன் மரங்களுக்குள் பனியோடு பனியாகப் போய்விட்டது. கட்டையைத் தோளுக்குமேல் வைத்தபடி, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி, அது மறைகிற வரைக்கும் நின்றார். நானும் கேடியும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

பழக்கதோஷம், அவர் உடனே தேடிக்கொண்டு ஓடுவார் என்று நினைத்தேன். மாமா ஓடவில்லை. கட்டையைத் திரும்பிப் பார்க்காமல் கேடியிடம் நீட்டினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அடிச்சாச்சு" என்றார். "போயித் தேடு மாப்ள."

முக்கால் மணி நேரம் தேடினோம், நானும் கேடியும். முட்டிவரை ஈரம், பாண்ட்டெல்லாம் முள். மாமா நின்ற இடத்தை விட்டு அசையாமல் குடையை நீட்டி, "அங்கிட்டு இல்லடா! இன்னும் மேல! கண்ணு எங்க இருக்கு ஒனக்கு?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். யார் யாரோ தொலைத்த பந்து மூன்று கிடைத்தது. மாமா அடித்தது கிடைக்கவில்லை.